முதலமடையில் பழைய கைக்கடிகாரங்கள்

பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில், நெல்லியாம்பதி மலைகளையும் ஆனைமலைக் காடுகளையும் பார்த்தபடி அமைந்திருக்கும் ஊர் முதலமடை. இவ்வூரை மாம்பழத்தால் அறிந்தவர்கள் பலர். பிற இடங்களில் மாமரங்கள் பூத்து நிற்கும் தருணத்திலேயே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். தை, மாசி மாதங்களில் லாரி லாரியாக வடநாட்டுச் சந்தைகளுக்குச் செல்லும். ரயில் நிலையத்து ஆலமரங்களைத் திரைப்படங்களில் கண்டு, அவற்றை நேரில் காணவென்றே வருகிறவர்களும் உண்டு. உத்தியோக நிமித்தம் இங்கு வந்து சேர்ந்த எனக்கு, இவ்விரண்டோடு வேறொரு செல்வமும் கண்ணிற் பட்டது. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் ஓடாமற் கிடக்கும் பழைய கைக்கடிகாரங்களே அச்செல்வம். அவற்றைப் பற்றி நம் சங்க நேயர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

ஊரும் நேரமும்

பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் ஏறத்தாழ 54 கிலோமீட்டர் ரயில் பாதையில், கொல்லங்கோட்டிற்கும் மீனாட்சிபுரத்திற்கும் இடையே உள்ளது எங்கள் நிலையம். 1932-ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்ட இவ்வழி, அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2008-இல் மூடப்பட்டு, 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலமரங்களுக்குத்தான் ஓய்வு இல்லை. அவை விழுதுவிட்டு நிழலைப் பெருக்கிக்கொண்டன.

எல்லைப்புறத்து ஊருக்குரிய விசித்திரங்கள் இங்கு உண்டு. பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கு சாலை வழியே செல்ல வேண்டுமானால், தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகவே செல்ல வேண்டும். நேரத்திலும் இத்தகைய விசித்திரம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டின் பொது நேரம் கிழக்கு 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. முதலமடை அதற்கு மேற்கே ஏறத்தாழ ஐந்தே முக்காற் பாகை தள்ளியிருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 23 நிமிடத்திற்குத்தான். 1906-ஆம் ஆண்டு பொது நேரம் வருவதற்கு முன்னர், ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி வந்தன. இன்றும், முக்கிய ரயில் நிலையங்களுக்கு நாள்தோறும் 16 மணிக்குச் சரியான நேரத்தை அறிவிக்க வேண்டுமென்பது ரயில்வேயின் பொது விதி. அந்த 16 மணியைக் கொண்டு என் கைக்கடிகாரங்கள் எத்தனை வினாடி முந்துகின்றன, எத்தனை வினாடி பிந்துகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். இந்தப் பொழுதுபோக்கு அவ்வாறுதான் வேர்கொண்டது.

கூட்டினுள்ளே நடப்பது

சாவி கொடுக்கும் கடிகாரத்தினுள் எஃகுச் சுருள்வில் ஒன்று இருக்கிறது. சாவி கொடுக்கும்போது அது இறுகி, பின்னர் மெல்ல மெல்ல விரிந்து பற்சக்கரங்களை ஓட்டுகிறது. ஒரேயடியாக விரிந்துவிடாமல் அதை அளந்து விடுவது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் பாலன்ஸ் சக்கரம். எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தில் இது மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 4,32,000 துடிப்பு! உராய்வைக் குறைப்பதற்காக அச்சுகளின் முனைகள் செயற்கைச் செங்கற்களின் மேல் அமர்த்தப்பட்டிருக்கும். "17 கல் வைத்த கடிகாரம்" என்று நம் பெரியவர்கள் பெருமையோடு சொன்னது இவற்றைத்தான்.

ஆட்டோமேட்டிக் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது அணிந்தவரின் கையே. உள்ளே அரைவட்ட வடிவமான கனத்த தகடு ஒன்று அச்சின்மேல் தொங்குகிறது. கை அசையுந்தோறும் அது சுழன்று சுருள்வில்லை இறுக்குகிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே சட்டைப்பைக் கடிகாரங்களில் முயன்று பார்க்கப்பட்ட இவ்வேற்பாட்டை, 1920-களில் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர் கைக்கடிகாரத்திற்குக் கொண்டுவந்தார். 1931-இல் ரோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் தகட்டை அமைத்தது. முழுதும் இறுகிய வில், கழற்றி வைத்த பின்னரும் சுமார் ஒன்றரை நாள் ஓட்டும். இதில் ஒரு வேடிக்கை: நாள் முழுதும் மேசையில் கையை ஊன்றி எழுதும் என்னைப் போன்ற குமாஸ்தாவின் கையில் ஆட்டோமேட்டிக் கடிகாரம் சில சமயம் பசியோடு நின்றுவிடுகிறது. தண்டவாளத்தோரம் நாள்தோறும் நடக்கும் தோழரின் கையிலோ குறைவின்றி ஓடுகிறது.

வந்த வழிகள்

இக்கடிகாரங்கள் நம் வீடுகளுக்கு வந்த வழிகள் பல. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் முதலிய சுவிஸ் கடிகாரங்கள் பம்பாய் வியாபாரிகள் மூலம் பரவியவை. சீக்கோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் பலவும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்களின் கையோடு வந்தன. ஆயினும், தோட்டத் தொழிலாளியும் ஆரம்பப்பள்ளி ஆசிரியரும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது எச்.எம்.டி.யே. 1953-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையை ஏற்படுத்தியது. ஜனதா, பைலட், சோனா, பிற்காலத்து ஆட்டோமேட்டிக்கான காஞ்சன் என அதன் பெயர்களெல்லாம் நம் வீட்டுப் பெயர்களாகவே ஆகிவிட்டன. கலியாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது என்றால் அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாகவே இருந்த காலம் உண்டு.

பின்னர் பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது. டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அழகிய குவார்ட்ஸ் கடிகாரங்களை நாடெங்கும் அனுப்பியது. எச்.எம்.டி. தளர்ந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் அந்நிறுவனத்தின் பாரம்பரியத்தைக் காட்டும் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அவ்வழி செல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பிரயாணம்

சென்ற ஆண்டு, இருப்புப்பாதைப் பணியாளரான நண்பர் ஒருவர் தம் காலஞ்சென்ற தந்தையாரின் ஜனதா கடிகாரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். தந்தையார் நெல்லியாம்பதித் தோட்டத்தில் உழைத்தவர். மாங்காய்ப் பருவத்தில் ஊர் ஊராக வரும் பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதற்கு 400 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். "பல வருஷமா ஓடலைங்க. வீட்டுல சும்மா கிடக்குது, கொடுத்திரலாமா?" என்று நண்பர் கேட்டார். ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லி, விடுமுறை நாளில் இருவரும் பொள்ளாச்சிக்கு ரயிலேறினோம். மீனாட்சிபுரத்தைத் தாண்டியதும் மாந்தோப்புகள் விலகித் தென்னந்தோப்புகள் சூழ்ந்தன. ஆனைமலை வலப்புறம் கூடவே வந்தது.

கடைவீதியில், ஒரு மேசையும் ஒரு கண்ணாடிப் பெட்டியுமே கடையாக அமர்ந்திருக்கும் முதியவர் அவர். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். "தம்பி, எண்ணெய் காஞ்சு பிசினாப் போயிருக்கு. கணவாய்க் காத்துத் தூசி வேற உள்ளே போயிருக்கு. பாலன்ஸ் அச்சும் ஒடிஞ்சிருக்கு" என்றார். புது அச்சுக்கு எங்கே போவது? தகரப் பெட்டி ஒன்றிலிருந்து, முகப்புத் துருவேறிய வேறொரு ஜனதாவை எடுத்தார். அதன் பாலன்ஸ் சக்கரம் இதற்குள் வந்தது. சேகரிப்போர் அறிய வேண்டிய உண்மை இது: ஒரு பழைய கடிகாரம் ஓட மற்றொன்று தன் உறுப்பைக் கொடுக்கிறது. தொழிற்சாலை மூடிய பிறகு எஞ்சியிருப்பவற்றைக் கொண்டே எஞ்சியிருப்பவை வாழ வேண்டும். ஆகவே, ஓடாத கடிகாரத்தையும் குப்பையில் எறியலாகாது.

"உங்களுக்குப் பிறகு இந்தக் கடை?" என்று கேட்டேன். "பசங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல வேலைல இருக்காங்க. யாராச்சும் கத்துக்க வந்தா சொல்லிக்குடுக்கத் தயார், தம்பி. யாரும் வரலை" என்று சொல்லிவிட்டு, மீண்டும் திருகாணியில் கண்ணை வைத்தார். இரண்டு வாரங் கழித்துக் கடிகாரம் கைக்கு வந்தது. கூலி 600 ரூபாய். வியாபாரி கொடுப்பதாகச் சொன்னதைவிட 200 ரூபாய் அதிகம். நண்பர் அதை மகிழ்ச்சியோடு கொடுத்தார். இப்போது அக்கடிகாரம் அவர் தாயாரின் தலைமாட்டில் இருக்கிறது. காலையில் காபி குடித்தவுடன் அதற்குச் சாவி கொடுப்பதை அம்மையார் தம் வேலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நேயர்கள் கவனத்திற்கு

புதிதாகச் சேகரிக்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். பளபளக்கும் முகப்பைக் கண்டு மயங்க வேண்டாம். பழைய கூட்டில் புதிதாக வர்ணம் பூசிய முகப்பைப் பொருத்தி விற்பது எங்கும் நடக்கிறது. எழுத்துகள் கசிந்தோ கோணலாகவோ இருந்தால், அல்லது அந்நிறுவனம் வெளியிடாத வர்ணமாக இருந்தால் விலகுங்கள். காலத்தால் மங்கிய அசல் முகப்பே மதிப்புடையது. தேதி காட்டும் கடிகாரத்தில் இரவு 9 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றினால் பற்கள் ஒடியக்கூடும். காந்தம் பொருந்திய ஒலிபெருக்கியின் அருகே வைத்தால் நேரம் கெடும். பழங் கடிகாரத்தைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் இடுவியுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறு. கைபேசியே நேரம் காட்டும் இந்நாளில், நேரம் பார்ப்பதற்காக இவை தேவையில்லைதான். ஆனால் ஊரை விட்டு வந்து, மலைத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் உழைத்து, முதன்முதலாக மிச்சம் பிடித்த பணத்தில் நம் பெரியவர்கள் வாங்கிய பொருள் அநேக வீடுகளில் இதுவே. யார் வாங்கினார், எந்த ஆண்டு, எந்த ஊர்க் கடையில் என்பதைத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். வியாபாரியின் கைக்குப் போகும் கடிகாரத்தோடு அந்த விவரம் போவதில்லை.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு மேசையை ஒதுக்கி, குடும்பந்தோறும் இத்தகைய கடிகாரங்களைக் கொண்டுவரச் செய்து, ரிப்பேர்காரர் ஒருவரையும் அழைத்து அமர்த்தினால் நன்றாயிருக்கும் என்பது என் விண்ணப்பம். ஓடாதவற்றில் சில அன்றே ஓடத் தொடங்கலாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களில் ஒருவராவது தொழிலைக் கற்றுக்கொள்ள முன்வரவும் கூடும்.