கை காட்டக்கூடாத ஊர்

ஜேர்மனிக் கிராமம் என்றதும் எங்களுக்கு நினைவில வாறது பனியும் ஓட்டு வீடுகளும் மாட்டுத் தொழுவங்களும்தான். மொட்லாரொய்ட் என்ற ஊரிலும் இதெல்லாம் இருக்கு. ஆனால் ஏறத்தாழ ஐம்பது பேர் மட்டுமே வாழும் அந்தக் குட்டி ஊருக்கு அமெரிக்க இராணுவத்தினர் வைத்த பட்டப்பெயர் 'சின்ன பேர்லின்'. காரணம், ஊருக்கு நடுவால் ஓடும் தன்பாக் என்ற ஓடை.

ஓடை என்றதும் பெரிசாக நினைக்க வேண்டாம். எட்டிக் கால் வைத்தால் மற்றக் கரை. 1810 இல் அதை எல்லையாக்கிக் கல் நட்டார்கள். ஒரு கரை பவேரிய இராச்சியம், மற்றக் கரை றொய்ஸ் சிற்றரசு. சனம் அதைப் பெரிசாக எடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் ஒரு கரையில் இருந்தன. தேவாலயத்துக்கு மற்றக் கரைப் பக்கமுள்ள டோப்பன் ஊருக்குப் போனார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிய, அதே பழைய கோடுதான் சோவியத் வலயத்துக்கும் அமெரிக்க வலயத்துக்கும் எல்லையானது. 1949 இல் இரண்டு ஜேர்மனிகள் உருவாக, ஊரின் ஒரு பாதி ஒரு நாடு, மறுபாதி இன்னொரு நாடு. 1952 இல் கிழக்கு ஜேர்மனி எல்லையை இறுக்கி மூடியது. எல்லையோரம் இருந்தவர்களில் அரசு நம்பாத குடும்பங்களை வீட்டைவிட்டு எழுப்பி வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு நடுவில் முதலில் பலகை வேலி, பிறகு முட்கம்பி. 1966 இல் 700 மீற்றர் நீளத்துக்குக் கொங்கிரீட் மதில். உயரம் மூன்று மீற்றருக்கு மேல்.

கிழக்குப் பாதிக்குள் வெளியாட்கள் போக விசேட அனுமதி வேணும். பாஸ் எடுத்துப் பயணம் போன கதைகளை அம்மா அப்பாவிடம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிசில்லை. எங்களை உலுக்கினது இன்னொரு விதி: கிழக்குப் பக்கத்தவர்கள் மேற்குப் பக்கத்தைப் பார்த்துக் கை காட்டக்கூடாது, வணக்கமும் சொல்லக்கூடாது.

1983 இல் அமெரிக்க உப சனாதிபதியாக இருந்த மூத்த ஜோர்ஜ் புஷ் மேற்குக் கரைக்கு வந்து மதிலைப் பார்த்துவிட்டுப் போனார். உலகமே வந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கை அசைக்க முடியாது.

கை காட்டினால் ஒரு அரசுக்கு என்ன குறைஞ்சுபோகும்? இதை எங்களுக்குள்ள கனநேரம் கதைச்சோம். எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அங்கால நிக்கிறது எதிரி எண்டு சொல்லி வச்சிருக்கினம். நீ கை காட்டி, அவரும் திருப்பிக் காட்டினா, அது பெரியப்பா எண்டு பாக்கிற எல்லாருக்கும் விளங்கிடுமே." மதிலைக் கட்டிய பிறகும் அரசு பயந்தது இதுக்காகத்தான் என்று எங்களுக்குப் படுது.

பேர்லின் மதில் திறந்து ஒரு மாதத்தின் பின், 1989 டிசம்பர் 9 அன்று, இந்த ஊரிலும் நடந்து போக வழி திறந்தார்கள். 1990 ஜூன் 17 இல் மதிலை இடித்தார்கள். ஒரு துண்டை மட்டும் நினைவுக்கு விட்டுவைத்து, அதோடு ஒரு அருங்காட்சியகமும் அமைத்தார்கள்.

கோடு இன்னும் அழியவில்லை. ஒரு கரை பவேரியா மாநிலம், மற்றது துரிங்கியா. இரண்டு நகரபிதாக்கள், இரண்டு தபால் குறியீடுகள், தொலைபேசிக் குறியீடும் இரண்டு. பவேரியக் கரையில் 'குறூஸ் கொட்' என்பார்கள், மறுகரையில் 'கூட்டன் டாக்'. ஆனால் எந்த வணக்கத்தையும் ஓடையைத் தாண்டிச் சொல்லலாம்.

இனி எந்த எல்லையைப் பற்றிக் கதைத்தாலும் நாங்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: அங்கால நிக்கிற ஆளுக்குக் கை காட்டலாமா?