வாய்க்காலின் இரு கரைகள்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் வீதிகளில் கால்நடையாக உலவுதல் வேண்டும். ஊர்தியில் விரைந்து செல்வோர் கட்டடங்களை மட்டுமே காண்பர். நடந்து செல்வோரே அவற்றில் வாழ்ந்தோரின் உள்ளத்தையும் ஓரளவு உணர்வர். சென்ற தைத் திங்களில் புதுவை நகருக்குச் சென்று இரண்டு நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கடற்கரை தொடங்கி மேற்குத் தெருக்கள் வரை நடந்தே சென்று பார்த்தேன். அங்குக் கண்டவற்றையும், கண்டபோது எழுந்த எண்ணங்களையும் ஈண்டுக் கூறுவேன்.

புதுவையின் தெருக்கள் நேர்கோடுகளாக ஓடி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. 1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் என்பவர் இங்குப் பிரெஞ்சு வாணிகக் குடியிருப்பை நிலைநாட்டினார். 1693இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்டனர். இன்றைய தெருவமைப்புக்கு அவர்கள் வகுத்த திட்டமே அடிப்படை என்பர். மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமான நகரை 1761இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு வென்றனர். கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1765இல் நகர் திரும்பக் கிடைத்தபின், பழைய தெருக்களின் மீதே புதிய வீடுகள் எழுந்தன. ஆகவே, இன்று நாம் காணும் எழில், ஒருமுறை அழிந்து மீண்டும் தளிர்த்த எழிலாகும்.

நகரின் நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதன் கிழக்கே கடலையொட்டி ஐரோப்பியர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். கிழக்குப் பகுதியை வெள்ளை நகரம் என்றும், மேற்குப் பகுதியைக் கறுப்பு நகரம் என்றும் அக்காலத்தில் அழைத்தனர். அயலார் ஆட்சியின் இயல்பை உணர்த்த இவ்விரு பெயர்களே போதும்.

முதலில் கிழக்குப் பகுதியைக் காண்போம். வைகறையில் கடற்கரைச் சாலைக்குச் சென்றேன். ஊர்திகள் செல்லாத அவ்வேளையில் முதியோரும் இளைஞரும் அமைதியாக நடந்துகொண்டிருந்தனர். நெடிய கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகளின் சிலை, 1836இல் முதன்முதல் ஒளி வீசிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் ஆகியவை அருகருகே அமைந்துள்ளன. வேறுவேறு காலத்தின் குரல்கள் ஒரே கரையில் கேட்பதுபோல் எனக்குத் தோன்றியது.

கடற்கரையை விட்டு உள்ளே நடந்தால் துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதி முதலியவை வருகின்றன. தெருப்பெயர்ப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் இணைந்து நிற்கின்றன. மஞ்சளும் வெண்மையும் பூசிய உயர்ந்த மதில்கள், வளைந்த வாயில்கள், மதிலைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடிகள் ஆகியவை கண்ணைக் கவர்கின்றன. இவ்வீடுகள் தம் அழகைத் தெருவுக்குக் காட்டாமல் உள்ளே வைத்துக்கொண்டவை. வாயிலைக் கடந்தால் தோட்டம். தோட்டத்தை நோக்கித் தூண்கள் நிறைந்த தாழ்வாரம். அதன் பின்னே உயர்ந்த கூரையுடைய அறைகள். சாளரக் கதவுகளில் சாய்வாகப் பொருத்திய மரப்பட்டைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன.

இப்பகுதியின் நடுவில் பாரதி பூங்கா உள்ளது. அங்கு வெண்ணிறத்தில் ஆயி மண்டபம் விளங்குகிறது. முன்னொரு காலத்தில் விசயநகர வேந்தர் ஒருவர் இவ்வழியே வந்தபோது, ஆயி என்னும் கணிகையின் ஒளிமிக்க மாளிகையைக் கோயில் எனக் கருதித் தொழுதாராம். உண்மை அறிந்ததும் சினந்து அதனை இடிக்குமாறு ஆணையிட்டார். ஆயியோ, தன் கையாலேயே அதனை இடித்து அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் ஒன்று வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்கு ஆயியின் பெயரே நிலைத்தது. ஆளுநர் மாளிகையின் எதிரே நிலைத்து நிற்பது ஓர் எளிய தமிழ்ப் பெண்ணின் ஈகை!

புதுவைக்கு வரும் பயணிகளுள் பலர் இவ்வளவோடு திரும்பிவிடுகின்றனர். நான் வாய்க்காலைக் கடந்து மேற்கே சென்றேன். தெருவின் இயல்பே மாறியது. மதில்கள் மறைந்தன, திண்ணைகள் தோன்றின. வீட்டின் முன்னே மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் தெருவை நோக்கி நீண்டிருந்தது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கென்றே அமைந்தது அது. உள்ளே முற்றம், அதனைச் சுற்றிக் கூடம், கடைந்தெடுத்த தேக்குத் தூண்கள், செதுக்கு வேலை நிறைந்த தலைவாயிற் கதவு. கீழ்த்தளம் தமிழர் மரபில் இருக்க, மேல்தளம் பிரெஞ்சு முறையில் வளைவுச் சாளரங்களும் சுவர்த் தூண்களும் கொண்டு விளங்கும் வீடுகள் பலவற்றைக் கண்டேன்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இவ்வகையில் தலைசிறந்தது. ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழுக்குக் கிடைத்த அரிய செல்வம். சந்தை விலையும், போர்ச் செய்தியும், 1748இல் பழைய ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்ட துயரமும் அதில் பதிவாகியுள்ளன. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும், ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாக உள்ளன. 1908இல் புதுவைக்கு வந்த பாரதியார் பத்தாண்டுகள் இங்குத் தங்கினார். புதுமைத் தமிழுக்கு உரமிட்டவை இம்மேற்குத் தெருக்களே ஆகும்.

கிழக்கு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தபோது மற்றோர் உண்மை விளங்கிற்று. பளிங்குபோல் மின்னும் அச்சுண்ணாம்புப் பூச்சு நம் நாட்டுக் கொத்தரின் கைத்திறன். சாளரங்களைச் செய்தவர் நம் தச்சர். பிரெஞ்சுக்காரர் நம் வெயிலுக்கேற்ற வீடு கட்ட நம்மவரிடம் கற்றனர். நம்மவரோ அவர்தம் வளைவுகளையும் தூண்களையும் எடுத்துக்கொண்டனர். வாய்க்கால் மனிதரைப் பிரித்தது. கைவினையை அதனால் பிரிக்க இயலவில்லை.

இத்தகைய வீடுகள் இன்று ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. 1990களில் ஏறத்தாழ 1,800 மரபுக் கட்டடங்கள் பட்டியலிடப்பட்டன. பின்னர்க் கணக்கெடுத்தபோது அவற்றுள் பல நூறு இல்லை. மறைந்தவற்றுள் மிகுதியானவை தமிழர் பகுதியைச் சேர்ந்தவை. ஒரு வீட்டுக்குப் பலர் உரிமையாளராதல், நிலத்தின் விலை ஏறுதல், தேக்கும் சுண்ணாம்பு வேலையறிந்த கொத்தரும் அரிதாதல் ஆகியவையே காரணங்கள். ஒரு திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியாரிடம், "அம்மா, இவ்வளவு பெரிய வீட்டைக் காப்பது அரிதன்றோ?" என்று வினவினேன். "அரிதுதான், தம்பி. ஆண்டுதோறும் மழைக்கு முன்னே ஓடு மாற்ற வேண்டும். இடித்துவிடு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். திண்ணையை இடித்துவிட்டால் நீ வந்து எங்கே உட்காருவாய்?" என்றார் அவர். அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை.

ஆயினும், நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் முயன்று, வீடுகளின் முகப்புகளைப் பழைய வடிவிலேயே சீர்செய்தன. அம்முயற்சி 2008இல் யுனெசுகோவின் விருதைப் பெற்றது. கடற்கரையில் 'மேரி' என வழங்கும் பழைய நகராட்சி மண்டபம் 2014இல் பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. ஆனால், இடிந்ததை மீண்டும் கட்ட ஆண்டுகளும் பெரும்பொருளும் வேண்டும். இடியாமல் காக்கக் காலத்தே செய்யும் சிறு பழுதுபார்ப்பே போதும்.

பழைய வீடு வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று. வழிப்போக்கருக்கு நிழல் தந்த நாகரிகத்தை ஒரு திண்ணை சொல்கிறது. மாற்றாரிடமும் நல்லதைக் கற்ற பண்பை ஒரு வளைவுச் சாளரம் சொல்கிறது. புதுவைக்குச் செல்வோர் வாய்க்காலின் ஒரு கரையோடு நின்றுவிடாமல் இரு கரைகளையும் காண வேண்டும். நம் ஊர்களில் நிற்கும் பழைய வீடுகளையும் அக்கண்ணோடு நோக்க வேண்டும். முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவற்றைப் பின்னோருக்கு ஒப்படைத்தல் நம் கடனாகும்.