வடுகூர் வைரவரும் பொன்னுத்தம்பியின் பூட்ஸும்

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இறங்காததுமாகக் கிழக்கே திரும்பி விடுகிறார்கள். கிழக்கேதான் கடல் இருக்கிறது. மஞ்சள் பூசிய மதில்கள், மதிலுக்கு மேலே காகிதப்பூக் கொடி, கொடிக்குக் கீழே கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்கும் ஜோடி, எல்லாம் அங்கேதான். அந்தப் பகுதிக்கு ‘ஒயிட் டவுன்’ என்று பெயர். வெள்ளைக்காரர் தெருக்களுக்கும் நம்மவர் தெருக்களுக்கும் நடுவே ஒரு கால்வாய். இந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், அந்தப் பக்கம் கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் வகுத்திருந்தார்கள். கறுப்பர் நகரம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒயிட் டவுன் மட்டும் ஹோட்டல் விளம்பரங்களில் ஜம்மென்று வாழ்கிறது!

நான் மேற்கே திரும்பினேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் சுமார் 20 கிலோ மீட்டரில் திருவாண்டார்கோயில். வழியில் வில்லியனூர். அதைத் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. ராஜாக்களும் கம்பெனிக்காரர்களும் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கிய பூமி அல்லவா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. இப்போது எல்லை வந்து விட்டது என்பதைப் பிராந்திக் கடைப் பலகைகள்தான் சொல்கின்றன.

ஊரின் பழைய பெயர் வடுகூர். திருஞானசம்பந்தர் பாடிய நடுநாட்டுத் தலங்களில் ஒன்று. சுவாமி பஞ்சநதீஸ்வரர்; அம்பாள் திரிபுரசுந்தரி. சோழர் காலத்துக் கற்கோயில். சுவரெங்கும் கல்வெட்டு. கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பத்து நிமிஷம் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

தலபுராணம் சுருக்கமானது. முண்டாசுரன் என்று ஓர் அசுரன் உலகத்தைப் படாத பாடு படுத்தினான். வடுக வைரவர் அவனைச் சம்ஹாரம் செய்தார். அதனால் வந்த பழி நீங்குவதற்காக இங்கே வந்து சிவனைப் பூஜித்தார். அதனால்தான் இது வடுகூர்.

இந்தக் கதையை ஓர் இளைஞன் பிரெஞ்சு மொழியில் சொல்லிக் கொண்டிருந்தான். கேட்டுக் கொண்டிருந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சு அம்மாள். பருத்திச் சேலை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். இளைஞன் கைடு. அவரை ‘மதாம்’ என்று அழைத்தான். புதுச்சேரியில் வெள்ளைக்காரப் பெண்மணிகள் எல்லாரும் மதாம்தான்.

மதாமுக்கு ஒரு சந்தேகம். “கொன்றது கெட்டவனைத்தானே? பிறகு எதற்குப் பழி?” என்றாராம். கைடு அதைத் தமிழில் என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, “என்ன சார் சொல்லட்டும்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. பக்கத்தில் திருநீறும் பையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முந்திக்கொண்டார்.

“பழின்னு வந்துட்டா சாமியானாலும் ஏத்துக்கணும் தம்பி. அப்படிச் சொல்லு.”

பெரியவர் விழுப்புரம் பக்கம். அன்று தேய்பிறை அஷ்டமி. வைரவரைத் தரிசிக்க வந்தவர். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் போலும். சரித்திரத்தில் புலி. அம்மாள் பிரான்ஸிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் உற்சாகம் பிறந்துவிட்டது. “பொன்னுத்தம்பிப் பிள்ளை கதையைச் சொல்லு மதாமுக்கு” என்று ஆரம்பித்தார்.

கதை இதுதான். 1873ஆம் வருஷம் புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பிய பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதிக்குப் பொறுக்கவில்லை. இந்தியன் இந்திய வழக்கப்படி வர வேண்டும் என்று வக்கீலைத் தண்டித்துவிட்டார். பிள்ளை சும்மா இருக்கவில்லை. பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். பூட்ஸ் கோர்ட்டுக்குள் போயிற்று!

பெரியவர் கோபமாகச் சொல்லவில்லை. நம்மூர்க்காரர் கெட்டிக்காரர் என்ற பெருமையோடுதான் சொன்னார். ஆனால் மதாமின் முகம் சிவந்துவிட்டது. கைடு அவர் சொன்னதை அப்படியே பெயர்த்துச் சொன்னான்.

முதலில், தம்முடைய குடும்பம் பிரிட்டனி பக்கத்துக் குடியானவர் குடும்பம், பாட்டனாரோ முப்பாட்டனாரோ இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார். பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்களே என்றார். அதன் பிறகு, நியாயம் வழங்கியதும் பாரிஸ்தானே என்றார். கடைசியில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் என்னதான் செய்ய முடியும்?” என்றார்.

பெரியவர் பதறிப் போனார். “அடடா, அழாதீங்கம்மா! அதெல்லாம் பழைய கதை. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்!” என்று சமாதானம் சொன்னார். கோயில் வாசலுக்குப் போய் இளநீர் வாங்கிவர ஆள் தேடினார். வேடிக்கையைப் பாருங்கள்! பூட்ஸைக் கழற்றச் சொன்னவர்கள் ஒரு பக்கம். ஆறுதல் சொல்லும் வேலை மட்டும் இன்னும் நம் பக்கத்தில்.

இது ஒரு மதாமின் சமாசாரம் மட்டும் அல்ல. பிரான்ஸ் தேசமே இப்படித்தான் இரண்டு மனசாக இருக்கிறது. அடிமை வியாபாரம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று 2001ஆம் வருஷம் அங்கே ஒரு சட்டம் வந்தது. நான்கே வருஷத்தில், 2005இல், கடல் கடந்த நாடுகளில் பிரான்ஸ் செய்த நன்மைகளைப் பள்ளிப் பாடத்தில் சொல்ல வேண்டும் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் பகுதியை மறு வருஷமே எடுத்துவிட நேர்ந்தது. அமெரிக்காவில் ராபின் டிஏஞ்சலோ என்ற வெள்ளைக்கார அம்மாள், நிறபேதம் என்ற பேச்சை எடுத்தாலே தம் இனத்தாருக்கு ஏன் இப்படி முகம் சுருங்குகிறது என்று 2018இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

இதுவரைக்கும் எனக்கும் மதாமைப் பார்த்து உள்ளூரச் சிரிப்புத்தான்.

இளநீர் வந்தது. கைடு குடிக்கவில்லை. மெதுவாக, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டான்:

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. எங்க தாத்தாவும் உங்க பக்கத்து ஆள்தான். உங்க ஊர்த் தெருவிலே அவரு செருப்புப் போட்டு நடந்திருக்க முடியுமா?”

மண்டபத்தில் ஒரு கணம் பேச்சில்லை. அப்புறம் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அது அந்தக் காலம். எங்கப்பா என்ன ஜமீன்தாரா? ஏர் ஓட்டினவரு. உங்க ஜனங்களுக்கு எங்க வீட்டிலே தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் குடுக்காம இருந்ததில்லே. இப்போ எல்லாம் மாறிப் போச்சு. சட்டம் வந்தாச்சு. உனக்கு என்ன குறைச்சல்? பிரெஞ்சு பேசறே! நான் என்ன செய்யணுங்கறே?”

மதாம் கைடின் சட்டைக் கையைத் தொட்டு ஏதோ கேட்டார். அவன் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னான். என்ன சொன்னாய் என்று அவனிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். “நீங்கள் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார், மதாம்.”

பொன்னுத்தம்பியின் கதையிலேயே இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. நாம்தான் பூட்ஸோடு நிறுத்திக் கொள்கிறோம். வழக்கில் ஜெயித்த பிறகு அவர் சும்மா இருந்துவிடவில்லை. சாதியோடும் மதத்தோடும் ஒட்டிய பழைய குலவழக்குச் சட்டத்தை விட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம் என்று 1881 செப்டம்பர் 21இல் ஒரு உத்தரவு பிறந்தது. அதை ஏற்க ஜனங்களைத் திரட்டியவர்களில் அவர் முதல்வர். அப்படி வருகிறவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தம் பெயரோடு ‘லாபோர்த்’ என்று சேர்த்துக்கொண்டார். வாசற்கதவு என்று அர்த்தம்.

அந்த வாசலுக்குள் யார் போனார்கள்? பெரும்பாலும் கிறிஸ்தவர்களும், தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும்தான். வாசலில் நின்று மறித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமா? இல்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் உயர்சாதி இந்துக்கள் ஒரு கட்சியாகவே திரண்டு இதை எதிர்த்தார்கள். நமது வழக்கம், நமது ஆசாரம் என்பதுதான் அவர்கள் வாதம். வழக்கம்! பூட்ஸைக் கழற்றச் சொன்ன நீதிபதியும் அந்த வார்த்தையைத்தானே நம்பினார்? வெள்ளைக்காரர்களுக்கும் இது சௌகரியமாகவே இருந்தது. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, குலவழக்கை விட்டவர்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. சமம் என்று சேர்ந்தவர்களைத் தனி வரிசையில் நிறுத்தியாயிற்று!

இன்னும் பின்னே போனால், ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1745 அக்டோபரில் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்த செய்தியை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே கோயில், ஒரே பிரார்த்தனை. சுவருக்கு இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பரிந்து பேச, சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்குப் புறப்பட்டு விட்டார்கள். கவர்னர் டூப்ளே வரைக்கும் விவகாரம் போயிற்று. வெள்ளையர் கால்வாய் வெட்டினார்கள் என்று குறை சொல்கிறோம். கால்வாய்க்கு மேற்கே நாம் கட்டியிருந்த சுவரை யாரும் வந்து நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாரதியார் இதைத் தெரிந்தவர். 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தபோதுதான், கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பூணூல் போட்டார். வெள்ளைக்காரனை எதிர்த்து நாடு கடந்து வந்தவருக்கு, உள்ளூர்ச் சுவரும் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மண்டபத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிரமாதமாக ஒன்றும் ஆகவில்லை. சிறிது நேரம் கழித்துப் பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

“உங்க தாத்தா எந்த ஊரு தம்பி?”

கைடு ஊரைச் சொன்னான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“பேரு?”

சொன்னான். பெரியவர் அந்தப் பெயரை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “தெரியும்” என்றார். “வாசல்லே நின்னு எங்கப்பாவைக் கூப்பிடுவாரு. உள்ளே வந்ததில்லே.” அதற்கு மேல் அவர் பேசவில்லை. இளநீர் வேண்டாம் என்றிருந்த பையன் வாங்கிக் குடித்தான். மதாம் இந்தத் தடவை அழவில்லை. குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் வில்லியனூரில் இறங்கிக் கீழூருக்குப் போனேன். திருவாண்டார்கோயில் வரைக்கும் வருகிறவர்கள் கீழூரையும் பார்த்துவிட வேண்டும். 1954 அக்டோபர் 18ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்ட இடம். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சட்டப்படிக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. கொலோனி என்று பிரெஞ்சுக்காரர் சொன்ன காலம் முடிந்தது.

அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. காலனி என்றால் யார் குடியிருக்கும் இடம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அரசாங்க ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப் போவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார். நான் ஏறிய டவுன் பஸ்ஸின் கண்டக்டருக்கு அந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை. இருட்டும் நேரம், படியில் நின்றபடி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “காலனியெல்லாம் இறங்கு!” என்று கூவினார். பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பெண் குழந்தைகளும், கூடையோடு ஓர் ஆயாவும் இறங்கினார்கள்.