சாடைப் பேச்சு

எங்கள் தெருவில் யாரும் யாரோடும் நேருக்கு நேர் சண்டை போட்டதாக ஞாபகம் இல்லை. ஆடு, கோழி, பெற்ற பிள்ளை என்று நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், மேட்டமலைப் பக்கத்துக் கரிசல் ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், 1980-களில் மழை பொய்த்த எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டிருந்தது. அடிப்பெட்டி அத்தைக்கு, மேல்பெட்டி எனக்கு. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது 1986-ல் வந்த சட்டம். குடும்பத்தோடு செய்தால் விலக்கு என்றும் சொன்னது. ஆக, என் விரலிடுக்கில் காய்ந்து கிடந்த பசை சட்டப்படியானது.

கை ஓடும்போதே வாயும் ஓடும். எதிர்வீட்டுப் பெரியம்மா கைமாற்றாக வாங்கிய அரிசியைத் திருப்பவில்லை என்றால், அத்தை என்னைப் பார்த்துத்தான் சத்தம் போடுவாள். "வாங்கித் திங்கிற வாய்க்குத் திருப்பிக் கொடுக்கிற நெனப்பு இருக்க வேணாமாடா?" எதிர்த் திண்ணையில் பசையை வழித்தபடி பெரியம்மா தன் ஆட்டுக்குப் பதில் சொல்வாள். "நாழி அரிசிக்கு நாலு தெரு கேக்கக் கத்துற வீட்டுப் பக்கம் போவாத, சொல்லிட்டேன்." ஆடு பாட்டுக்குக் குழையைத் தின்றுகொண்டிருக்கும்.

இதெல்லாம் சில்லறை. பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலையின் சாடை வேறு. அங்கே விபத்தென்றால் "வெடிச்சிருச்சு" என்ற சொல்லே யார் வாயிலும் வராது. "சத்தம் கேட்டுச்சா?" என்பார்கள். "எந்தத் திக்கு?" என்பது மறுகேள்வி. அடுத்தது ஆஸ்பத்திரி. "சிவகாசிக்குக் கொண்டு போயிருக்காக" என்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். "மதுரைக்கு" என்றால் பெரியாஸ்பத்திரி, காயம் பெரிசு. "எங்கயும் கொண்டு போகல" என்றால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாமாவுக்குப் பயராபீஸில் மருந்து செலுத்துகிற வேலை. அன்று சைக்கிளில் வந்த ஆள் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தும் செம்பைக் கீழே வைக்கவில்லை. "வீட்ல ஆம்பளயாளு யாரும் இல்லையாத்தா? ஒண்ணுமில்ல, லேசாத்தான்…" அந்த "ஒண்ணுமில்ல" போதும். "மதுரைக்கா?" என்று மட்டும் கேட்டாள் அத்தை. அவர் தலையை ஆட்டினார். அதற்குள் பெரியம்மா தெருவைத் தாண்டி வந்திருந்தாள். "மயினி, ரெண்டு சேலைய எடுத்து வைங்க. நானும் வாரேன்." அந்த இரண்டு பேரும் நேராகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மாமா பிழைத்து வந்தார்; வலது கை விரல்கள் மடங்கிப் போயிருந்தன. கட்டைப் பிரிக்கும் முன்பே கணக்குப்பிள்ளை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். வாங்கியிருந்த அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல மனுஷன். "மொதலாளி ஒங்கள ரொம்ப விசாரிச்சாக" என்றார். செருப்பை மாட்டும்போது அதையே இன்னொரு தடவை சொன்னார். மறுவாரம் மாமா இடது கையால் திரி சொருகப் போனார்.