இரவை இழந்த அரங்கு

யாழ்ப்பாணத்து நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆளுமைகளைப் பற்றியும் கொள்கைகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் இல்லாமல், 1964இன் ‘இராவணேசன்’ கூத்து இல்லாமல், பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது. சாதிக்கொடுமைக்கு எதிராக 1969இல் எழுந்த ‘கந்தன் கருணை’ நாடகத்துக்கும், 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரிக்கும் நாங்கள் பட்ட கடன் பெரியது. ஆனால் என் கண்முன்னே அரங்கு மாறிய ஒவ்வொரு முறையும் அதை மாற்றியது இராணுவம், ஊரடங்கு, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, இடப்பெயர்வு. கலைஞர்கள் மிச்சமிருந்ததை வைத்துப் புது உருவம் செய்தார்கள்.

முதலில் போனது இரவு. எங்கள் ஊர் அம்மன் கோயில் வெளியில் காத்தவராயன் கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கினால், காத்தான் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாலக் காத்தான், நடுக் காத்தான், பின் காத்தான் என்று ஒரே பாத்திரத்தை ஒருவர் பின் ஒருவராக ஆடுவார்கள். ஆரியமாலா வரும்போது எழுப்பிவிடும்படி ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் பாயில் சாய்வோம். ஆடுகிறவர் ஓர் அடியை மறந்தால் கூட்டத்திலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் குறையாக யாரும் நினைத்ததில்லை. 1983இல் போர் தொடங்கிய பிறகு பொழுதுபட்டதும் படலையைச் சாத்திக்கொள்ளும் ஊராகிவிட்டோம். கூத்து ஆடக்கூடாது என்று எவரும் கட்டளை போடவில்லை. விடியும்வரை வெளியில் இருக்க முடியாது, அவ்வளவுதான். அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த வெறுமைக்குள்தான் 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ வந்தது. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி, பல்கலைக்கழக மாணவர்கள் ஊரூராகக் கொண்டுவந்த நாடகம். நான் அதைப் பார்த்தது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். முடி தரித்த ராசா இல்லை, வில்லன் இல்லை. பாட்டும் உடலசைவும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு கூட்டம், மண்ணை நம்பிக் கிடக்கிறவர்களின் பாடுகளையும், பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய்மாரின் தவிப்பையும் எங்கள் முன் வைத்தது. அதுவரை நாடகம் என்றால் வேறு யாரோ வாழ்ந்த கதை. முடிந்ததும் சனம் கலையவில்லை. ஒரு ஆச்சி நடித்த பெடியன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு, “இது நாடகமே தம்பி? எங்கடை வீட்டிலை நடந்ததெல்லே” என்று தொடங்கித் தன் மகனைப் பிடித்துக்கொண்டு போன நாளைச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தன் கதையைச் சொன்னார். வேர்வை காயாத முகங்களோடு மாணவர்கள் எல்லாவற்றையும் நின்று கேட்டார்கள். நாடகத்தின் மறுபாதி அதுதான் என்று எனக்குப் பட்டது. நானும் இதைச் செய்யவேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது.

ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின், பள்ளிப் பிள்ளைகளோடு நாடகம் செய்யத் தொடங்கினேன். 1990இல் சண்டை மறுபடி மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னாகியது. ஒரு பெற்றோல்மாக்ஸை இரண்டு மணி நேரம் எரிப்பதென்றால் ஒரு வீட்டு விளக்கின் பல நாள் எண்ணெய் அதில் போய்விடும். அதனால் நாடகம் பின்னேரத்துக்கு, பகல் வெளிச்சத்துக்கு வந்தது. இருட்டடித்துக் காட்சி மாற்ற வழியில்லை. எல்லாம் பார்ப்பவர் கண்ணெதிரே நடக்கவேண்டும். நடிக்கிறவர்கள் ஓரத்தில் குந்தியிருந்து, தங்கள் முறை வந்ததும் எழுந்து போவார்கள். ஒலிவாங்கி இல்லாததால் ஒருவர் பேசவேண்டிய வசனத்தைப் பத்துப் பேர் சேர்ந்து பாடினோம். வெளியூர்களில் இதையெல்லாம் புதிய பாணி என்று விளக்குவார்கள். எங்களுக்கு அது பஞ்சம் கற்றுத்தந்த இலக்கணம். பொம்மர் வரும் இரைச்சல் கேட்டால் நடிகர், பார்வையாளர் எல்லோரும் நிலத்தில் படுப்போம். போனதும் விட்ட அடியிலிருந்து தொடங்குவோம். ஷெல் விழும் சத்தத்தை வாயால் எழுப்புவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். சின்னப் பிள்ளைகள் அதைத் தாங்கமாட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் சண்முகலிங்கத்தின் எழுத்தும் வீட்டுக்குள் திரும்பியது. போர் மனங்களுக்குச் செய்ததை ‘அன்னை இட்ட தீ’ பேசியது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனித்துப்போன முதியவர்களை ‘எந்தையும் தாயும்’ பேசியது.

அதே காலத்தில்தான் சந்திகளில் தெருவெளி நாடகங்கள் பெருகின. சைக்கிளில் வந்து இறங்குவார்கள். பறை அடித்துக் கூட்டம் சேர்ப்பார்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த சந்திக்குப் போய்விடுவார்கள். அவற்றில் சிலவற்றின் வேகமும் உடல்மொழியும் அபாரம் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் பல நாடகங்கள் பிள்ளைகளைப் போருக்கு அழைப்பதில் முடிந்தன. நிமிர்ந்து நிற்கவும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலெடுக்கவும் நான் பழக்கிய மாணவன் ஒருவன் அப்படியொரு நாடகம் பார்த்த கிழமை வகுப்புக்கு வரவில்லை. பிறகு வரவேயில்லை. பார்ப்பவனின் கண்ணீரை வாங்கிக்கொள்ள அரங்குக்கு உரிமை உண்டு. ஒரு பிள்ளையின் உயிரைக் கேட்க எந்த அரங்குக்கும் உரிமையில்லை. அன்றும் இதைத்தான் நினைத்தேன். சத்தமாய்ச் சொல்லக்கூடிய காலமாய் அது இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30, பெரும் இடப்பெயர்வின் நாள். மழை இரவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மத்தளம், உடுப்புப் பெட்டி, கையெழுத்துப் பிரதி எல்லாம் வீட்டோடு போயின. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருத்தினார்கள். வகுப்பறை ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள். அங்கே நாடகம் போட மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பிள்ளைகள்தான் இருந்தார்கள். வட்டமாய் நிற்கவைத்து, பெயர் சொல்லி ஆடும் விளையாட்டுகளில் தொடங்கினோம். வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஒரு சிறுமி, மற்றவர்கள் மரமாய் நின்றபோது தான் குருவி என்று சொல்லி அவர்களின் கைகளுக்குள் போய் ஒளிந்தாள். அவளிடம் நாங்கள் கேட்ட முதல் சொல் அது. பார்க்க யாருமில்லாத அந்த அரங்கையும் அரங்கு என்றுதான் சொல்வேன்.

இப்போது நான் அதிகம் யோசிப்பது நாடகக்காரர் எவரும் உருவாக்காத ஒரு நிகழ்வைப் பற்றி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் அமர்ந்தார்கள். மடியில் பிள்ளையின் படத்தை வைத்தபடி, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்க்கவைக்கிறார்கள். நெறியாளர் இல்லை, எழுத்துப் பிரதி இல்லை. ஆனால் எந்த இடத்தில் இருப்பது, படத்தை எந்த உயரத்தில் பிடிப்பது, எப்போது பேசாமலிருப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“இதை வைச்சு ஒரு நாடகம் செய்வமா சேர்?” என்று என்னிடம் பழகும் இளையவர்கள் கேட்டார்கள். முதலில் போய் அந்த அம்மாக்களோடு ஒரு பகல் இருந்துவிட்டு வாருங்கள் என்றேன். போனவர்களில் இரண்டு பேர் இப்போதும் போய்வருகிறார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள், கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். நாடகத்தைப் பற்றி அவர்கள் பிறகு கேட்கவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.