கச்சானுக்கு முகம் திருப்பும் சக்கரம்

ஆடி மாதத்துக் கச்சான் காற்று, தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே உதிர்த்துவிட்டு, உலர்ந்த வெம்மையோடு கிளிவெட்டி வயல்வெளியில் இறங்கி, சிறுபோக நெல்லின் தலைகளை ஒரே திசையில் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், திருகோணமலை–மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய நான், பிரயோஜனமற்றுப்போன குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்றினால் வீட்டுக்கு விளக்கேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பட்டறையைத் தேடி நடந்தேன்.

பட்டறை என்பது உபசார வார்த்தை. நீர் இறைக்கும் மோட்டர்களுக்குச் சுருள் சுற்றிக் கொடுப்பவர் ஒருவரின் வீட்டுத் தாழ்வாரமே அது. சம்பூரிலிருந்து 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் பல வருஷங்களைக் கழித்தவர். கார் பற்றரியைத் துவிச்சக்கரவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, மின்னேற்றுவதற்கென்றே வெயிலில் அலைந்த அந்நாள்களில்தான், தலைக்குமேல் சும்மா ஓடுகிற காற்றைப் பற்றிய யோசனை அவருக்கு உதித்ததாம். 1990களில் மின்சாரம் இழந்த யாழ்ப்பாணத்தார் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் அவர் அறிந்திருந்தார். சம்பூரில் அமையவிருந்த 500 மெகாவாற் அனல் மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டதை நான் பிரஸ்தாபித்தபோது, "அவ்வளவு பெரிசு எங்களுக்கு என்னத்துக்கு ஐயா? வயல் வாடிக்கு மூணு லைற்றும் ஒரு றேடியோவும் போதும்" என்றார்.

அவர் கைக்கொண்டிருக்கும் முறை, பொது மின்கம்பி எட்டாத ஸ்கொரெய்க் என்னும் ஸ்கொட்லாந்துத் தீபகற்பத்தில் வாழும் ஹியூ பிகொட் வகுத்தது. தியோடோரோ சாஞ்செஸ், சுனித் பெர்னாண்டோ ஆகியோரோடு சேர்ந்து பிகொட் எழுதிய, காற்றாடி இறகு செய்யும் கைநூல் 2001இல் வெளிவந்தது. ஸ்கொட்லாந்துக்கும் இத்தொழிலுக்கும் உள்ள பந்தம் பழையது. 1887இல் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் மேரிகேர்க் கிராமத்துத் தம் குடிலில் துணிப்பாய் கட்டிய காற்றாடியால் விளக்கேற்றி, மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த்தெருவுக்குத் தர முன்வந்தபோது, அது பிசாசின் வேலையென்று ஊரார் மறுத்துவிட்டனராம். கிளிவெட்டியில் அப்படியொரு பயம் இல்லை. கைபேசிக்கு மின்னேற்ற வரும் பிள்ளைகளின் உபத்திரவந்தான் உண்டு.

மூன்று இறகுகளையும் செதுக்குபவர் வயது முதிர்ந்த ஓடாவியார். தோணி கட்டிய கை. படகு வேலைக்கு எடுக்கும் மலைவேம்பு மரத்தையே இதற்கும் தெரிந்தெடுத்திருக்கிறார். பாரம் குறைவு, நேரான இழை. இறகின் அடி அகன்றும் சாய்ந்தும், நுனி குறுகித் தட்டையாயும் முறுக்குக் கொள்ளவேண்டும். அடியைவிட நுனி பன்மடங்கு விரைந்து ஓடுவதால் காற்று அதை வேறொரு கோணத்தில் சந்திக்கிறது என்ற சாஸ்திரத்தை அவரிடம் நான் விளக்க முற்பட்டேன். "துடுப்புக்கும் அப்படித்தானே தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் சீவுளியைத் தள்ளினார். எனது விளக்கம் அவ்வளவில் நின்றது.

தாழ்வாரத்தின் மூலையில் நடந்த மின்பிறப்பாக்கி வேலையோ மௌனமானது. இரண்டு இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காந்தக் கட்டிகள். அவற்றின் நடுவே, மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் பூசும் இளைஞன் ரெசினில் வார்த்துக் கொடுக்கும் வட்டத்தில் ஒன்பது செம்புச் சுருள்கள். சுற்றின் எண்ணிக்கை ஒன்பதிலும் ஒத்திருக்கவேண்டும். அது தெரியாமல், எத்தனையாவது சுருள் இது என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்; பட்டறைக்காரர் பதில் சொல்லாமல், சுற்றியதையெல்லாம் அவிழ்த்து மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினார். கோபமில்லை, அதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. காந்தத்தருகே வரும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடும்படி அவர் மனைவி சொன்னார். முதல் தடவை கழற்றினேன்.

பிற்பகலில் வயலுக்குப் போனோம். இழுகம்பிகள் தாங்கிய இரும்புக் குழாயின் உச்சியில், 2.4 மீற்றர் விட்டமுள்ள சக்கரம் பனைகளுக்கும் மேலே சுழன்றது. காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும் என்பதே இத்தொழிலின் லாபமும் அபாயமும்: விநாடிக்கு 3 மீற்றர் வீசும் காற்றில் இருபது வாற்றுக்கும் வழியில்லாத சக்கரம், 6 மீற்றரில் நூற்றைம்பதைத் தொடும், 12 மீற்றரில், ஒதுங்க வழியில்லாவிட்டால், தன்னையே முறித்துக்கொள்ளலாம். பற்றரி நிறைந்த பின்னும் மின்சுமையை நீக்கலாகாது. நீக்கினால் கடிவாளம் அறுந்த குதிரைபோல் ஓடுமாதலால், மிகுதியை ஒரு வெப்பக்கம்பிக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

திடீரென்று கச்சான் சீறியது. சக்கரம் காற்றுக்கு முகம் கொடாமல் பக்கவாட்டில் திரும்ப, பின்னிருந்த வால் மேலே தூக்கிக்கொண்டது. முறிந்தேபோயிற்று என்று நான் பதறினேன். சக்கரத்தின் மையத்தைக் கம்பத்துக்குச் சற்று விலக்கி, வாலைச் சாய்வான கீலில் தொங்கவிட்டிருப்பதால், பலத்த காற்று அதை ஒதுக்கித் தள்ளும். காற்றுத் தணிந்ததும் வாலின் பாரமே அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். சொன்னபடியே வால் இறங்கியது.

மின்கம்பி வந்த வீடுகளுக்கு இந்தக் காற்றாடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சூரியத் தகடு மலிவு, அசையும் உறுப்பும் அதில் இல்லை. அவரும் அந்த வாடியின் கூரையில் ஒரு தகடு வைத்திருக்கிறார். ஆனால் யானைக்குக் காவலிருக்கும் இராத்திரியில் தகடு தூங்கிவிடும் என்பது அவர் வாதம்.

பொழுது சாய்ந்ததும் மூன்று விளக்குகளும் எரிந்தன. பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று பார்த்தேன். முற்பகல் பதினொன்று இருபதோடு என் கடிகாரம் நின்றிருந்தது.