கிண்டிக்குப் போன மல்லாட்டைக் காசு

விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிகரெட் அட்டையைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியிலும் மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஒரு இனிஷியல். முதல் வரியில் 417. நான் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் அட்டை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவர் எழுந்து போன பிறகு டீ மாஸ்டரிடம் கேட்டேன்.

"பால் கணக்கு சார்" என்றார், கண்ணை டம்ளரிலிருந்து எடுக்காமல்.

417 லிட்டர் பால் வாங்குகிற வீடு விழுப்புரத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். கேரளத்தில் மதியம் 3 மணிக்குக் குலுக்கல் நடக்கிறது. அந்த முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே ஆட்டம். டிக்கெட் கிடையாது, ரசீது கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. 2019 டிசம்பரில் இதே ஊரில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று குழந்தைகள் உட்பட ஐந்து பேர், இந்த மூணு நம்பர் கடனால் இல்லாமல் போனது. அப்போது சோதனை நடந்தது, கைது நடந்தது. இப்போது பால் கணக்கு நடக்கிறது.

நான் வந்தது லாட்டரிக்காக அல்ல, குதிரைக்காக. விழுப்புரம் மாவட்டத்தில் ரேஸ் மைதானம் எதுவும் கிடையாது. ஆனால் சென்னை கிண்டி ரேஸ் மைதானத்தில் ஓடிய குதிரைகளுக்குப் பின்னால் ஓடிய பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கத்து மல்லாட்டைப் பணம். நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை. அந்தப் பணத்தை வருடக்கணக்கில் ரயிலேற்றிக் கொண்டுபோன ஒருவர் திண்டிவனத்தில் இருக்கிறார். என் நண்பனின் பெரியப்பா. எனக்கும் பெரியப்பாதான்.

விழுப்புரத்திலிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. சென்னைப் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது இந்த மயிலத்தில்தான். அந்த வாரம் நிலத்தில் பயிர் வைத்திருந்தவனைவிடப் பெரிய சூதாடி எவன் என்று எழுதத் தோன்றியது. உடனே அடித்துவிட்டேன். எல்லோரும் எழுதுவது அது. பயிர் வைத்தவனுக்கு வேறு வழி கிடையாது. கிண்டிக்கு டிக்கெட் எடுத்தவனுக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழி இருந்தது.

பெரியப்பாவுக்கு 78 வயது. வீட்டில் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நாலு மூட்டை கொண்டு போயிருக்கிறார் என்றார்கள். அங்கேயே போனேன். தரையெங்கும் குவியல். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலும் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி, கட்டைவிரலால் ஓட்டை நொறுக்கி, பருப்பின் தோலைத் தேய்த்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் சீட்டில் விலை எழுதுகிறார்கள். மறைமுக ஏலம். அடுத்தவன் என்ன விலை போட்டான் என்று தெரியாமல் போடுவதால் பேசிவைத்துக் குறைப்பது கஷ்டம் என்பது ஏற்பாடு. பேசி வைக்க நினைத்தால் வாசலில் டீக்கடை இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா விலையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எடை மேடைக்கு எதிரே நின்றுகொண்டார். மூட்டையைத் தூக்கப் போன ஆளை நிறுத்தினார்.

"மொதல்ல ஜீரோ காட்டுப்பா. அப்புறம் ஏத்து."

சிவப்பு எழுத்தில் 0.00 வந்தது. மூட்டை ஏறியது. இறங்கியதும் மறுபடி ஜீரோ கேட்டார். நாலு மூட்டைக்கும் இதே கதை. எடை போடுகிற பையன் சிரித்தான், பழகிய சிரிப்பு.

"கிண்டிலயும் நான் மொதல்ல பாக்கறது இதத்தான் தம்பி" என்றார் என்னிடம். "குதிரைய எல்லாரும் பாப்பான். நான் தராசப் பாப்பேன்."

ரேஸில் தராசா என்று கேட்பவர்களுக்கு: ஓடுவதற்கு முன் ஜாக்கி சேணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மேடையில் ஏற வேண்டும். ஓடி முடித்ததும் மறுபடி ஏற வேண்டும். நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிக பாரம், சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரம். ஜாக்கி ஒல்லியாக இருந்தால் சேணத்தோடு ஈயத் தகடு செருகி எடையை ஈடுகட்டுவார்கள். புறப்பட்ட எடையும் வந்து சேர்ந்த எடையும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வந்த குதிரையும் வந்ததாகக் கணக்கில்லை.

மார்க்கெட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் சொன்ன கதை, விடிகாலைப் பாசஞ்சரில் ஆரம்பிக்கும். தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின், பிறகு கிண்டி. கையில் ரேஸ் புத்தகம். செங்கல்பட்டில் ஏறுகிறவன் ஒரு டிப்ஸ் சொல்வான், தாம்பரத்தில் ஏறுகிறவன் அதை மாற்றுவான். சாயங்காலம் அதே வண்டியில் திரும்பும்போது எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்: "இழுத்துப் புடிச்சுட்டான்." ஜெயிக்க வேண்டிய குதிரையை ஜாக்கி வேண்டுமென்றே அடக்கி ஓட்டினான் என்று அர்த்தம். தோற்ற ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். நிரூபிக்க யாராலும் முடியாது.

"நெஜமாவே புடிச்சானா பெரியப்பா?"

"சில நாள் புடிச்சிருப்பான். பல நாள் நம்ம குதிரைக்குக் காலு இல்ல. ஆனா காலு இல்லன்னு சொன்னா நம்ம மூள இல்லன்னு ஆயிடுமே."

1975 அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கலைஞர் ரேஸை மூடிவிட்டார் என்று திண்டிவனமெல்லாம் பேச்சு. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் திமிறும் குதிரையை ஒருவர் அடக்கி நிற்கிற சிலை அந்த ஒழிப்பின் நினைவாக வந்ததுதான். "மூடிட்டாங்கன்னாங்க. போய்ப் பாத்தா ஓடுது" என்றார். அவர் பார்த்தது சரி. இந்தக் கதையில் சட்டத்தின் ஓட்டம் குதிரையின் ஓட்டத்தைவிட வேடிக்கையானது. ரேஸ் பந்தயத்தைச் சூதாட்டக் கணக்கில் சேர்க்கும் திருத்தத்தை சென்னை மாகாண சட்டசபை 1949-லேயே நிறைவேற்றிவிட்டது. இதோ திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரரான ராமசாமி ரெட்டியார் முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கிய அதே வருடம். அந்தத் திருத்தம் 26 வருடம் அலமாரியில் தூங்கியது. 1974-ல் தனியாக ஓர் ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டும் சேர்ந்து 1975 மார்ச் 31 முதல் அமல் என்றார்கள். கிண்டியில் ரேஸ் நடத்திய கிளப் கோர்ட்டுக்குப் போனது. தடை உத்தரவின் நிழலில் ரேஸ் ஓடியது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். எல்லாவற்றையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று முடித்து வைத்தது. கே.ஆர்.லட்சுமணன் வழக்கு. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதாட்டம் ஆகாது என்பது தீர்ப்பு.

தீர்ப்பின் வாதத்தைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். குதிரையின் வம்சம், பழக்கிய விதம், ஜாக்கியின் கைத்திறன், தூரம், பாரம், இத்தனையும் கணித்துத்தான் பணம் கட்டுகிறார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"குதிரைக்குத் தெறம இருக்கு, ஒத்துக்கறேன். ஜாக்கிக்கும் இருக்கு. எனக்கு இன்னா இருந்துச்சு? மல்லாட்டைக் காசுதான் இருந்துச்சு."

எனக்கும் அந்தத் தீர்ப்பில் சிக்குவது அந்த இடம்தான். லாயத்தில் காலையில் குதிரை இருமியதா, தீனி தின்றதா என்று அறிந்தவனும், திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்தவனும் ஒரே ஜன்னலில் பணம் கட்டுகிறார்கள். இருவருக்கும் நடப்பது ஒரே விளையாட்டா? ரேஸில் நேர்மை என்றால் ஊக்க மருந்தும் இழுத்துப் பிடிப்பதும் மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அவையும் உண்மைதான். 2017-ல் பெங்களூரில் ஜெயித்த குயின் லத்தீஃபா என்ற குதிரைக்குப் பரிசோதனையில் புரோக்கெய்ன் மருந்து தென்பட்டு, விவகாரம் சிஐடி வரை போனது. ஆனால் அது பிடிபடுகிற வகை. தெரிந்தவன் தெரியாதவன் பணத்தை எடுத்துக்கொள்வது எந்தப் பரிசோதனையிலும் தென்படாது.

பணம் போகிற வழி இன்னொன்று இருக்கிறது. டோட்டில், அதாவது கிளப்பே நடத்தும் பந்தய ஜன்னலில், கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40. நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு நாற்பது ரூபாய் வரி, அதற்குமேல் கிளப்பின் கமிஷன். இந்தக் கணக்கில் தொடர்ந்து ஜெயிக்கும் திறமைசாலி எவனும் பிறக்கவில்லை. வரி கட்டாத கள்ள புக்கி இதைவிட நல்ல விலை தருவான், சீட்டு மட்டும் தரமாட்டான். ஏய்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆக, நேர்மையாகக் கணக்குக் காட்டும் இடத்தில் கட்டுபடியாகாது, கட்டுபடியாகும் இடத்தில் கணக்கே இருக்காது. ரேஸ்காரர்கள் இன்று சண்டை போடுவது பெரும்பாலும் இதற்காகத்தான். கிளப்பின் சண்டையோ நிலத்துக்காக. 1940-களில் 99 வருடக் குத்தகைக்கு விட்ட 160 ஏக்கருக்கு மேற்பட்ட கிண்டி நிலத்துக்கு வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. உயர்த்திய வாடகை பாக்கி 730 கோடிக்கு மேல் என்று 2023-ல் உயர் நீதிமன்றம் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது.

"அறுநூத்தி பதினாலு ரூபாயா? வருசத்துக்கா?" பெரியப்பா சிரித்தார். "அத நான் ஒரு மத்தியானத்துல வுட்டிருக்கேன்."

எவ்வளவு விட்டார் என்று மொத்தமாகச் சொல்லவில்லை. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காட்டி "இதோ இங்கருந்து அந்தப் பனைமரம் வரைக்கும் நம்மளது" என்றார். எந்தக் காலத்தில் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சுவருக்குள் பிளாட் கல் நட்டிருந்தது.

ஒரு ரேஸை மட்டும் அவர் விவரமாகச் சொன்னார். வெளியூர் ரேஸ், திரையில் பார்த்தது. இவர் கட்டிய குதிரை கடைசி இருநூறு மீட்டரில் எல்லோரையும் தாண்டி வந்தது. நல்ல விலை. கூட்டம் கத்துகிறது. ஜாக்கி இறங்கி எடை மேடையில் ஏறினான். பாரம் குறைந்திருந்தது. குதிரையைத் தள்ளிவிட்டார்கள்.

"கையில வந்த காசு தம்பி. பக்கத்துல இருந்தவன்லாம் நாற்காலியத் தூக்கி அடிக்கறான். எனக்கு மட்டும் கோவமே வரல. அன்னிக்கு ஒரு நாள்தான் நான் ஏமாறாம தோத்தேன்."

வீட்டுத் திண்ணையில் பேரன் செல்போனோடு இருந்தான். காதில் எதுவும் விழாத உட்கார்வு. ரம்மியா என்று கேட்டேன். அதெல்லாம் நிறுத்தியாச்சு அங்கிள் என்றான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது ரம்மி நிறுவனங்கள் சுட்டிக்காட்டிய தீர்ப்புகளில் கிண்டிக் குதிரை வழக்கும் ஒன்று. மறுபடி சட்டம், மறுபடி வழக்கு என்று போய், 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது கேட்கவில்லை. பேரனுக்கு இதெல்லாம் தெரியாது. "ஆப் தொறக்கல, அதான்" என்றான்.

"அதுல தராசு எங்க இருக்கும்?" என்று பெரியப்பா அவனைக் கேட்டார். அவனுக்குப் புரியவில்லை.

மல்லாட்டைப் பணம் இப்போதெல்லாம் கையில் தருவதில்லை, பேங்க் கணக்குக்குப் போய்விடுகிறது. அது நல்லதுதான் என்றார் பெரியம்மா, உள்ளிருந்தே, கொஞ்சம் சத்தமாக.

ஸ்டேஷன் வரை கூடவே வந்தார் பெரியப்பா. செஞ்சி பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. தேசிங்கு ராஜன் ஆண்ட ஊர், எவராலும் ஏற முடியாத டெல்லிக் குதிரையை அவன் அடக்கியதாகக் கூத்தில் பாடுகிற ஊர். இந்த ஜில்லாக்காரர்களுக்குக் குதிரைமேல் நம்பிக்கை வரக் கிண்டி தேவையில்லை. நான் காலையில் பார்த்த சிகரெட் அட்டையைப் பற்றியும் பால் கணக்கைப் பற்றியும் சொன்னேன். ரசித்துச் சிரித்தார். அந்த நாசமாப்போன ஆட்டத்தைத் திட்டினார். டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நான் திரும்பியபோது கையைப் பிடித்தார்.

"இன்னா நம்பர் சொன்ன? 417-ஆ?"

"ஆமா பெரியப்பா."

"வந்துச்சா?"

பார்க்கவில்லை என்றேன். வண்டி புறப்பட்டபோது மணி மூன்றே கால். மயிலம் தாண்டுவதற்குள் செல்போனை வெளியே எடுத்திருந்தேன்.